நினைவேடு: உகாண்டா நாட்டு மகளிர் தோழமைக் குழுக்களில் எழுந்த ஓர் எழுத்து வகை

முன்னுரை

ஒரே துன்பத்திற்கு ஆளானோர் தம்முட் கூடி ஒருவர்க்கொருவர் துணையாதல் மக்கள் வாழ்வில் மிகப் பழைய வழக்கமாகும். ஆயின் அவ்வாறு கூடியோர் தம் கூட்டத்தின் பயனாகப் புதியதோர் எழுத்து வகையைத் தோற்றுவித்தல் அரிதாகவே நிகழ்வது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரியோடு வாழ நேர்ந்த உகாண்டா நாட்டுப் பெண்களிடையே அத்தகைய நிகழ்ச்சியொன்று நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் ‘மெமரி புக்’ என வழங்கும் அவ்வெழுத்து வகையை நாம் ‘நினைவேடு’ எனக் குறிப்போம். ஒரே நோய்க்கு ஆளானார் ஒருவரையொருவர் தாங்கும் முறையை ‘ஒத்தார் துணை’ என்றும், அதன்பொருட்டு அவர்கள் அமைத்துக்கொண்ட கூட்டங்களைத் ‘தோழமைக் குழு’ என்றும் வழங்குவோம்.

நோய் பற்றிய ஆராய்ச்சி மருத்துவர்க்கும், குழு பற்றிய ஆராய்ச்சி சமூகவியலார்க்கும் உரியன. தமிழ்த் துறையின் இதழில் இதற்கு இடம் யாது என வினவுதல் இயல்பே. எழுத்து வகைகள் எத்தகைய வாழ்க்கைத் தேவையிலிருந்து பிறக்கின்றன என்பது இலக்கிய வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. நடுகல்லும் மெய்க்கீர்த்தியும் கையறுநிலையும் எத்தேவையின் விளைவாக எழுந்தன என்பதை இன்று நாம் சான்றுகளைக்கொண்டு உய்த்துணர வேண்டியவர்களாக உள்ளோம். நினைவேடோ நம் காலத்திலேயே தோன்றி, பரவி, தன் நோக்கத்தையும் ஓரளவு மாற்றிக்கொண்ட வகையாகும். அதன் பிறப்பும் மாற்றமும் ஆண்டுக் கணக்கோடு அறியக் கிடக்கின்றன. ஆகலின் எழுத்து வகைகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு அது பெரிதும் பயன்படும்.

நினைவேட்டை இறப்பை எதிர்நோக்கிய தாயரின் புலம்பலாகக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதும், அது பிள்ளைகளின் குலத்தையும் உரிமையையும் நிலைநாட்டும் ஆவணமாகவே வளர்ந்தது என்பதும், அவ்வாறு வளர்தற்குத் தோழமைக் குழுவே காரணம் என்பதும் இக்கட்டுரையில் நாம் காட்ட விரும்புவன.

நோயும் பெயரும்

1981-ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க நாட்டு மருத்துவ அறிக்கையொன்று, இலாசு ஏஞ்சல்சு நகரில் இளைஞர் ஐவரைப் பற்றிய அரியதொரு நுரையீரல் நோயைக் குறிப்பிட்டது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதற் குறிப்பு அதுவே. அடுத்த ஆண்டிலேயே, 1982-இல், உகாண்டாவின் தென்பகுதியில், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ராக்காய் மாவட்டத்து மீனவர் ஊரான கசென்சேரோவில், மக்கள் உடல் மெலிந்து இறத்தல் கண்டறியப்பட்டது. அம்மெலிவு நோக்கி ஆண்டுள்ளோர் அதனைச் ‘சிலிம்’ என்றனர். இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் 1985-இல் வந்த கட்டுரையொன்று, சிலிம் நோய்க்கும் அமெரிக்காவிற் கண்ட நச்சுயிரிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது.

நோய்க்குப் பெயரிட்டோர் மருத்துவரும் ஊராரும். நோயுற்றோர் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொள்ள முற்பட்டது 1983-ஆம் ஆண்டு சூன் திங்களில். அமெரிக்காவின் டென்வர் நகரிற் கூடிய மாநாட்டில், நோயுற்றோர் சிலர் தம்மைப் ‘பலியானோர்’ எனக் கூறுதலை மறுத்தனர். ‘எய்ட்சுடன் உள்ள மக்கள்’ என்றே தம்மைக் குறிக்க வேண்டுமென அறிவித்தனர். ஒத்தார் துணையின் வரலாற்றில் அவ்வறிக்கை முதன்மையான இடம் உடையது. ஆயினும் அங்குக் கூடியோர் பெரும்பாலும் ஆடவர். மணவாழ்வின் வழியே நோயைப் பெற்று, கணவனை இழந்த பின்னரே தன் நிலையை உணர்கின்ற பெண்ணொருத்தியின் இடர்கள் அவ்வறிக்கையில் இடம்பெறவில்லை.

உகாண்டாவில் நிலைமை வேறாக இருந்தது. ஆண்டு நோய் ஆடவரையும் மகளிரையும் ஒருங்கே பற்றியது. மகளிரை மிகுதியாகவே பற்றியது. 2004-2005-இல் நாடு முழுவதும் நிகழ்ந்த குருதி ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 7.5 பேரும், ஆடவருள் நூற்றுக்கு 5 பேரும் நச்சுயிரியைப் பெற்றிருந்தமை தெரியவந்தது. ஆதலின் பெண்களின் குழு அந்நாட்டில் தனியே எழ வேண்டிய தேவை இருந்தது.

டாசோவின் தோற்றம்

நோரீன் கலீபா என்பார் கம்பாலா நகரத்து முலாகோ மருத்துவமனையோடு தொடர்புடைய இயன்முறை மருத்துவர். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த தம் கணவர் எய்ட்சுற்றார் என்னும் செய்தியை 1986-இல் அவர் பெற்றார். கணவர் நாடு திரும்பி 1987-ஆம் ஆண்டு சனவரியில் இறந்தார். நோயுற்ற குடும்பங்களை ஊரார் விலக்கியதையும், மருத்துவமனைப் பணியாளரே அவர்களைத் தொட அஞ்சியதையும் நேரிற் கண்ட கலீபா, அதே நிலையிலிருந்த வேறு சிலரோடு கூடலானார். அவருள்ளிட்ட 16 பேர் தொடங்கியதே ‘டாசோ’ எனச் சுருக்கமாக வழங்கும் எய்ட்ஸ் துணை அமைப்பு. தொடங்கியோருள் பலர் தாமே நோயுற்றவர். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் இறந்துபட்டனர். 1991-இல் கலீபா தம் குடும்பத்தின் வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார்.

டாசோ தொடங்கிய ஞான்று நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து யாதும் அந்நாட்டு மக்களுக்குக் கிட்டவில்லை. மருந்தில்லாக் காலத்தில் ஓர் அமைப்புத் தரத்தக்கது யாது? ஒருங்கு அமர்ந்து உண்ணுதல், கைத்தொழில் செய்தல், உடன் வரும் நோய்களுக்கு மருத்துவம் பெறுதல், கலந்துரையாடல் ஆகியவற்றிற்கு டாசோ இடம் தந்தது. நோயுற்றார் கையாற் பரிமாறிய உணவை மற்றவர் உண்ணுதல் அக்காலத்தில் சிறிய செயலன்று. நோயை மறைத்து மடிதலினும் அதனை ஏற்று நம்பிக்கையோடு வாழ்தல் வேண்டும் என்பதே டாசோவின் கொள்கையாயிற்று.

மகளிர்க்கெனத் தனிக் குழு

டாசோ ஆடவர்க்கும் மகளிர்க்கும் பொதுவானது. 1992-ஆம் ஆண்டில் எச்.ஐ.வி.யுடன் வாழும் மகளிர் தமக்கெனத் தேசிய அமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தனர். அது ‘நாக்வோலா’ எனப்படும். அதே ஆண்டில் ஆம்சுடர்டாம் நகரில் நிகழ்ந்த உலக எய்ட்ஸ் மாநாட்டை ஒட்டி, பல நாட்டுப் பெண்களும் கூடி எச்.ஐ.வி.யுடன் வாழும் மகளிரின் பன்னாட்டுச் சமூகத்தை நிறுவினர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. பொதுவான அமைப்புகள் பல இருந்தும் மகளிர் தனித்துக் கூடுதலின் தேவையை ஒரே காலத்திற் பல நாட்டாரும் உணர்ந்தனர் என்பது இதனால் விளங்கும்.

நாக்வோலாவைத் தோற்றுவித்தோருள் ஒருவர் பியாட்ரிசு வெரே. 1991-இல் கணவர் இறந்த பின்னரே தமக்கு நோய் உண்மையை அவர் அறிந்தார். அப்பொழுது அவர் இருபத்திரண்டு வயதினர். இரு பெண்மக்களின் தாய். கணவரின் உறவினர் குடும்ப உடைமையைக் கைக்கொள்ளவும், கணவரின் உடன்பிறந்தாற்கு அவரை மனைவியாக்கவும் முற்பட்டனர். அவர் அதனை எதிர்த்து நின்றார். இச்செய்திகளை அவரே பொதுமேடைகளில் எடுத்துரைத்துள்ளார். அவர்தம் பணிக்காக 2005-இல் மனித உரிமை அமைப்பொன்றின் பெருமையையும் பெற்றார்.

அவர் எதிர்கொண்ட இடர் தனியொருவர் இடர் அன்று. உகாண்டாவின் வாரிசுரிமைச் சட்டம் 1972-இல் திருத்தப்பட்டபொழுது, உயில் எழுதாமல் இறந்தானது உடைமையில் நூற்றுக்கு 15 பங்கு கைம்பெண்ணுக்கும், 75 பங்கு பிள்ளைகளுக்கும், 9 பங்கு அவனைச் சார்ந்து வாழ்ந்த உறவினர்க்கும், 1 பங்கு மரபுவழி வாரிசுக்கும் உரியன என வகுத்தது. ஏட்டில் இவ்வாறு இருப்பினும், ஊர்களில் நிலம் கணவனின் குலத்தார்க்கு உரியது என்னும் வழக்கே வலிமையுற்று நின்றது. 2007-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தின் சில பகுதிகள் பெண்ணுக்குச் சமன்மை மறுப்பன எனக் கூறிச் செல்லாதனவாக்கியது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாம் பேசும் 1990-களிலோ, கணவனை இழந்த பெண்ணுக்குச் சட்டத்தின் துணை எளிதிற் கிட்டவில்லை.

இதனோடு குலமுறையையும் கருதல் வேண்டும். உகாண்டாவின் நடுப்பகுதியாகிய புகாண்டாவில் மக்கள் பல குலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளனர். ஒவ்வொரு குலத்திற்கும் விலங்கோ மீனோ செடியோ குலக்குறியாக உண்டு. பிள்ளை தந்தையின் குலத்தைச் சாரும். அதன் பெயரும் குலத்தின் பெயர்த்தொகுதியினின்றே இடப்படும். இறந்தானுக்கு வாரிசை நிறுவுதல் இறுதிச் சடங்கின்பொழுது குலத்தார் முன்னிலையில் நிகழும். எனவே தன் குலத்தையும், தந்தைவழிப் பாட்டனையும், பிறந்த ஊரையும் அறியாத பிள்ளை உறவையும் நிலத்தையும் ஒருங்கே இழக்க நேரிடும். பெற்றோர் இருவரும் இளமையிலேயே இறப்பராயின் அவற்றைக் கூறுவார் யார்? 1999-ஆம் ஆண்டு இறுதிவரை உகாண்டாவில் எய்ட்சினால் தாயையோ பெற்றோர் இருவரையுமோ இழந்த பிள்ளைகள் ஏறத்தாழ 17 இலட்சம் என ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. நினைவேடு எழுந்த சூழல் இதுவே.

நினைவேடு தோன்றிய வகை

இம்முறையின் வித்து இலண்டனில் இடப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில், குழந்தைகள் நலம் பேணும் பர்னார்டோ அறநிலையத்தார், நோயுற்ற தாயர் தம் பிள்ளைகளுக்கென நினைவுகளைத் தொகுத்து வைக்கும் முறையை அங்கு வகுத்தனர். அத்தாயருள் ஆப்பிரிக்கப் பெண்களும் இருந்தனர். உகாண்டாவில் டாசோ அதனைக் கையாளத் தொடங்கியது. 1998-இல் நாக்வோலா ‘பிளான்’ என்னும் பன்னாட்டு அமைப்பின் உதவியோடு அதனை விரிவாக மேற்கொண்டது. அதன்பின்னரே அது மகளிர் தாமே ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்ளும் முறையாக வேரூன்றியது.

ஏட்டின் உறுப்புகள் எளியன. பிள்ளை பிறந்த நாளும் இடமும், பேசிய முதற் சொல், உற்ற நோய்கள், தாயும் தந்தையும் வளர்ந்த வகை, அவர்கள் மணந்த வகை, குலமரம், உறவினர் வாழும் ஊர்கள், குடும்ப வழக்கங்கள், பிள்ளையின் விருப்பு வெறுப்புகள், தாய் பிள்ளைக்கு வேண்டுவன ஆகியவை தலைப்புகளாக அமையும். நிழற்படம் உளதாயின் ஒட்டப்படும். இலதாயின் ஓவியம் தீட்டப்படும். பெரும்பான்மையான ஏடுகள் பள்ளிக் குறிப்பேடு போன்ற எளிய தாள்களால் ஆயவை.

1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உகாண்டாப் பெண்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் எழுதப் படிக்க அறியாதார். ஆகவே தாய் சொல்லப் பிள்ளையோ தோழியோ எழுதுதலும் உண்டு. இவ்விடத்தில் ‘ஆசிரியர்’ என்னும் சொல்லின் பொருள் விரிகின்றது. ஒருத்தியின் வாழ்வு, மற்றொருத்தியின் கையெழுத்து, குழுவார் கேட்ட வினாக்களால் எழுந்த நினைவு என மூன்றும் கூடி அவ்வேடு உருவாகின்றது.

எழுதுதலினும் அரியது எழுதுவதற்கு முன்னுள்ள நிலையாகும். தன் நோயைப் பிள்ளைக்குக் கூறாமல் ஏட்டை எழுதத் தொடங்குதல் இயலாது. சாவைப் பற்றியும் உடலுறவின் வழிப்படும் நோயைப் பற்றியும் பெற்றோர் பிள்ளைகளிடம் பேசுதல் வழக்கமன்று. கூறினால் பிள்ளை வெறுக்குமோ, அயலார்க்கு உரைக்குமோ, கூறாவிடின் பிறர் வாயாற் கேட்டு வருந்துமோ என்னும் இருதலைத் துன்பம் தாய்க்கு உண்டு. இதனைத் தனித்துத் தீர்த்தல் அரிது. நாக்வோலாவின் பயிற்சிகளில் பெண்கள் சில நாள் ஒருங்கே தங்கி, பிள்ளையோடு பேசும் முறையைத் தம்முள் பழகினர். முன்னரே கூறிவிட்ட தாய், கூறத் தயங்கும் தாய்க்கு ஆசிரியை ஆயினள். மருத்துவரோ சமூகப் பணியாளரோ தர இயலாத அறிவு இது. ஒத்தார் துணை என்பது வெறும் ஆறுதல் அன்று, கற்பிக்கத்தக்க அறிவுத்துறை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

நம் வகைகளோடு ஒப்பு

நினைவேட்டின் இயல்பை நன்கு விளக்குதற்பொருட்டு நமக்குப் பழக்கமான வகைகளோடு அதனை ஒப்பிடுதல் நலம். ஒப்பீடு தொடர்பைக் குறிப்பதன்று. உகாண்டாப் பெண்கள் நம் இலக்கியத்தை அறிந்திலர். வேறுபட்ட இரு நிலத்து மக்கள் ஒத்த தேவைக்கு எங்ஙனம் விடை கண்டனர் என்பதே நாம் நோக்குவது.

கையறுநிலை தலைவன் இறந்தபின் எஞ்சியோர் இரங்கிப் பாடுவது. அங்குப் பேசுவோர் இருப்போர், பேசப்படுவோர் இறந்தோர். நினைவேட்டில் இத்திசை மாறுகின்றது. இறப்பு அணிமையில் உளது எனக் கருதும் ஒருத்தி, தன் பின்னர் வாழ்வார்க்குக் கூறுகின்றாள். கூறப்படும் பொருளும் பெரும்பாலும் அவள் துயரம் அன்று. கேட்கும் பிள்ளையின் பிறப்பும் வளர்ப்பும் குலமுமே. தன்னைப் பாடாது கேட்போனைப் பாடும் இவ்வியல்பால் அது இரங்கற்பாவினின்றும் விலகி நிற்கின்றது.

நடுகல், வீழ்ந்தானின் பெயரையும் செயலையும் ஊரறிய நிறுத்துவது. நினைவேடோ ஊரார்க்குக் காட்டும்பொருட்டு எழுதப்படுவதன்று, வீட்டகத்தே காக்கப்படுவது. நோயின் பெயர் அதிற் காணப்படுதலின் மறைத்துக் காக்க வேண்டிய ஏடும் அதுவே.

நாம் காணும் மிக நெருங்கிய ஒப்புமை செப்பேட்டோடு உள்ளது. செப்பேடுகளில் முதற்கண் கொடையாளனின் குலவரலாறு கூறப்படும்; பின்னரே கொடையும் எல்லைகளும் வரும். குலவரலாறு அங்கு அணியாக நில்லாது, பின்வரும் உரிமைக்கு அடிப்படையாக நிற்கின்றது. நினைவேட்டின் குலமரமும் அத்தகையதே. பாட்டன் பெயரும் ஊரும் குலக்குறியும் எழுதப்பெற்ற பக்கம், ‘இப்பிள்ளை இன்னாருடையது’ எனக் குலத்தார் முன் காட்டத்தக்க சான்றாகின்றது. தாயின் அன்பு மொழிகளைக் கண்டு கண்ணீர் விடுவோர் இப்பக்கத்தை எளிதிற் கடந்துவிடுவர். ஆயின் பிள்ளையின் வாழ்வு தங்கியிருப்பது இதன்மேலேயாம்.

இக்கருத்தை வலியுறுத்தும் புறச்சான்றும் உண்டு. லுவேரோ, டொரோரோ என்னும் மாவட்டங்களில் மக்கெரேரே பல்கலைக்கழகத்தாரும் பிற அமைப்பினரும் நிகழ்த்தி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நினைவேடு எழுதுதல் தனியே கருதப்படவில்லை. நோயைப் பிள்ளைக்குக் கூறுதல், தமக்குப் பின் காப்பாளரை நியமித்தல், உயில் எழுதுதல் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரே திட்டத்தின் பகுதியாகவே அது கொள்ளப்பட்டது. அத்திட்டத்திற் பங்குகொண்ட பெற்றோரிடையே காப்பாளரை நியமித்தல் மிகுந்தது என அவ்வாராய்ச்சி காட்டுகின்றது. ஏடும் உயிலும் காப்பாளர் நியமனமும் ஒரே கொடியிற் பூத்தவை என்பது இதனால் தெளிவு.

மருந்து வந்த பின்னர்

எழுத்து வகையொன்று அதனைத் தோற்றுவித்த தேவை மாறிய வழி யாதாகும் என்பது அடுத்து ஆராய்தற்குரியது.

1999-இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் நிகழ்ந்த ஆய்வொன்று, நெவிரபின் என்னும் மருந்தைப் பிள்ளைப்பேற்றின்பொழுது தாய்க்கு ஒரு முறையும், பிறந்தபின் குழந்தைக்கு ஒரு முறையும் கொடுப்பின், தாயிடமிருந்து சேய்க்கு நோய் பரவுதல் ஏறத்தாழப் பாதி குறையும் என நிறுவியது. 2004-இல் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்தை உகாண்டா அரசு கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. நாடோறும் தவறாது உண்பாரின் உடலில் நச்சுயிரி அடங்கி, அவர் நெடுநாள் வாழ இயலும் என்னும் நிலை படிப்படியாக வந்தது. சாவுக்கு முன் எழுத வேண்டும் என்னும் நெருக்கடி தளர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த மாற்றம் இதனை மேலும் விளக்கும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2000-ஐ ஒட்டி நினைவுப் பெட்டித் திட்டம் ஒன்று தொடங்கியது. தாயர் எழுத்தையும் பொருள்களையும் பெட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் முறை அது. அதே நகரின் புறத்தே, வறியோர் வாழும் கயேலிச்சாப் பகுதியில், எல்லையற்ற மருத்துவர் அமைப்பினர் 2001-இல் கூட்டு மருந்தை வழங்கத் தொடங்கினர். அம்மருந்தை முதற்கண் பெற்றோருள் சில பெண்கள் ‘பம்பனானி’ என்னும் குழுவினர். அச்சொற்கு, ‘ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளுங்கள்’ என்பது பொருள். தம் உடலின் உருவத்தை ஆளளவிற்கு வரைந்து, அதனுள் தம் வரலாற்றை எழுதும் முறையை அவர்கள் 2002-இற் கையாண்டனர். அவ்வோவியங்களும் வரலாறுகளும் 2003-இல் நூலாக வெளிவந்தன. நூலின் பெயர் ‘நெடுவாழ்வு’ எனப் பொருள்படும். இறப்பிற்கு அணியமாதற்கென வகுத்த முறை, இரண்டு ஆண்டுகளில் வாழ்வைக் கொண்டாடும் பெயரைத் தாங்கிற்று.

உகாண்டாவிலும் நினைவேடு மறைந்துவிடவில்லை. பிள்ளையிடம் நோயை எடுத்துக்கூறும் கருவியாகவும், தாமே நோயோடு பிறந்த பிள்ளைகள் தம் உடல்நிலையை அறிந்து மருந்துண்ணப் பழகுதற்குத் துணையாகவும் அது பயன்படலாயிற்று. இறந்தபின் படிக்கப்படுவதற்கென எழுதிய ஏட்டை எழுதியவளே பிள்ளையோடு அமர்ந்து படிக்கும் நிலை வந்தது. வகை ஒன்றே, காலம் மாறியபொழுது கேட்போர் நிலையும் பயனும் மாறின. நினைவேடு இறப்பின் இலக்கியமாகவே இருந்திருப்பின் மருந்து வந்தவுடன் அதன் தேவை அற்றிருக்கும். அற்றுப்போகாமை, அதன் உயிர்நிலை வேறிடத்தில், தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே மறைப்பின்றிப் பேசும் உறவில், அமைந்துள்ளது என்பதைக் காட்டுகின்றது.

உலகம் இவ்வேடுகளை அறிந்த வகையையும் கூறுதல் வேண்டும். சுவீடன் நாட்டு எழுத்தாளர் என்னிங் மான்கெல் உகாண்டாவிற் கண்ட நினைவேடுகளைப் பற்றி 2003-இல் ஒரு நூல் எழுதினார். 2008-இல் செருமானிய ஆவணப்படம் ஒன்றும் வந்தது. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும் அயலார் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது இறக்கும் தாயின் உருவமே. ஏட்டை எழுதக் கற்பித்த குழு அவ்வுருவத்தின் பின்னே மறைந்துவிடுதல் எளிது. வரலாறு எழுதுவோர் அக்குழுவை மீண்டும் முன்னிறுத்துதல் வேண்டும்.

தமிழகத்தோடு ஒரு தொடர்பு

இச்செய்தி நமக்கு முற்றும் அயலானது எனக் கருத வேண்டுவதில்லை. இந்திய நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதல் அறியப்பட்டது சென்னையிலேயாம். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவியாகிய நிர்மலா திரட்டிய குருதியை ஆய்ந்தபொழுது, பெண்கள் அறுவர்க்கு நோய் உண்மை தெரிந்தது. அவ்வறுவரும் மருத்துவ வரலாற்றிற் குருதி மாதிரிகளாகவே இடம்பெற்றனர்; அவர்கள் வாயாற் கூறியது எதுவும் அவ்வரலாற்றிற் பதிவாகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல், அதே சென்னையில், எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ என்னும் அமைப்பைத் தாமே நிறுவினர். நிறுவியோருள் ஒருவரான கௌசல்யா தம் பெயரும் முகமும் தோன்றப் பொதுமக்கள் முன் பேசினார். மாதிரியாக எண்ணப்பட்ட நிலையினின்றும் பேசுவோராக மாறிய அப்பன்னிரண்டு ஆண்டுகள் தனி ஆராய்ச்சிக்கு உரியன.

கணவனை இழந்தாரின் உடைமை பற்றிய இடர் ஈண்டும் உகாண்டாவை ஒத்ததே. தமிழகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நிகழ்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வொன்று, எச்.ஐ.வி. உள்ள கைம்பெண்களுள் நூற்றுக்கு 79 பேர்க்குக் கணவனின் சொத்திற் பங்கு மறுக்கப்பட்டமையைக் காட்டியது. 2017-இல் இயற்றப்பட்டு, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் நோய்நிலையை அவர் இசைவின்றி வெளியிடுதலைத் தடுக்கின்றது. பெண்களும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரும் தாம் வாழும் வீட்டினின்றும் வெளியேற்றப்படாமல் இருத்தற்கு உரிமை தருகின்றது. பெற்றோர் தம் பிள்ளைக்குக் காப்பாளரை முன்னரே எழுத்தால் நியமித்தற்கும் வழி செய்கின்றது. உகாண்டாத் தாயர் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதியவற்றுள் ஒன்று இங்குச் சட்டத்தின் பகுதியாக உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நினைவேடு தனியொரு தாயின் உள்ளத்து எழுச்சியால் மட்டும் பிறந்ததன்று என்பதும், தோழமைக் குழுவின் பயிற்சியாலும் ஊக்கத்தாலும் உருவாகியது என்பதும், அதன் முதன்மையான உறுப்புக் குலவரலாறே என்பதும், மருந்து வந்தபின் அது நோக்கம் மாறி நிலைத்தது என்பதும் பெறப்படும்.

இத்துறையில் ஆராய்ச்சி மேற்கொள்ள விழையும் மாணவர்க்கு ஒன்று கூறுதல் கடமையாகின்றது. ஏட்டுச்சுவடி தேடி ஊர்தோறும் அலைந்த முன்னோரின் வழிவந்தவர் நாம். ஏடு ஒன்று உண்டு எனக் கேட்டவுடன் அதனைப் பெற்றுப் பதிப்பிக்க விரும்புதல் நம் இயல்பு. நினைவேட்டைப் பொறுத்தவரை அவ்வியல்பை அடக்குதல் வேண்டும். அது ஒரு பிள்ளைக்கென எழுதப்பட்டது. அதில் உள்ள குலமும் ஊரும் நோயும் வெளிப்படின் வாழ்வார்க்கே கேடு விளையும். உரியோர் தாமே முன்வந்து தந்தாலன்றி அதனைக் கேட்டலும் தகாது. குழுக்கள் வெளியிட்ட பயிற்சி நூல்கள், ஏட்டிற்கென வகுத்த தலைப்புகள், பம்பனானி மகளிர் தாமே பதிப்பித்தது போன்ற நூல்கள், பொதுமேடையிற் பேசியோரின் உரைகள், சட்டங்கள், தீர்ப்புகள் ஆகியன ஆராய்ச்சிக்குப் போதிய கருவிகளாக உள்ளன. தமிழகத்து மகளிர் அமைப்புகள் தமிழில் வெளியிட்ட கையேடுகளையும் துண்டு வெளியீடுகளையும், அவை அழியுமுன், அவ்வமைப்புகளின் இசைவோடு தொகுத்துக் காத்தல் நம் பல்கலைக்கழக நூலகங்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். ‘நோயாளி’ என்னும் சொல் ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்’ என மாறிய வரலாற்றை அவற்றைக்கொண்டே எழுத இயலும். அத்தொகுப்புப் பணி முடிந்த பின்னரே, உகாண்டாவைப் பற்றி ஈண்டுக் கூறிய கருத்துகள் தமிழகத்திற்கு எத்துணை பொருந்தும் என்பதை நாம் துணிந்து உரைக்க இயலும்.